இரும்புக் கடை மாடியில் உறுதிப்படுத்தப்பட்டவை

கீரி, மன்னார்.
23.01.2023, திங்கட்கிழமை, காலை 8.15

அன்புத் தங்கச்சி லூசியாவுக்கு அண்ணன் அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. உன் அண்ணி எடித்தின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். வத்தளையில் நீயும் சுகம், மச்சான் கொன்ஸ்ரன்ரைனின் சீனி வருத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் இரண்டு கிழமை ஆகும் என்பதால், கையால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பக்க எண்ணைப் பார்த்து வாசிக்கவும்.

உறுதியான கடைசிச் செய்தியை முதலில் தருகிறேன். நேற்று முன்தினம், 21ஆம் திகதி சனிக்கிழமை, பிற்பகல் 2.10 மணிக்கு, உன் மகள் பெற்றிசியாவுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை வலன்ரைன், முத்து என்று அழைக்கப்படும் ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் பின்வருமாறு சொன்னார்: "கிழவனுக்கு ஒண்டும் தெரியாது. நீர் பயப்பிடாதையும். மூண்டு ஞாயிறு பொறுத்தா, பிறகு ஆராலும் எங்களை ஒண்டும் செய்யேலாது." தகவல் மூலம்: நான். எட்டடி தூரத்தில், கதிரைகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் நின்று கேட்டேன். கிழவன் என்று அவர் குறிப்பிட்டது மச்சானைத்தான். மச்சான் இதைப் பெரிதாக எடுக்கக் கூடாது. அறுபத்தொன்பது வயதில் அது தவறான தகவல் அல்ல.

இனி முதலிலிருந்து வருகிறேன்.

கார்த்திகை மாதம் நீ தொலைபேசியில் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். தரகர் கொண்டுவந்த சம்பந்தம் நல்லது. பொடியன் அரிப்புக் கிராமத்தில் பிறந்தவன், வயது முப்பத்தேழு, ஐஸ் தொழிற்சாலை முகாமையாளர், பங்குத் தந்தையின் நற்சான்று இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஆளைப் பிடிக்க முடியவில்லை. கேட்டால், வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கான எம்.பி.ஏ. படிப்பு என்கிறார்கள். "படிச்சு முடிச்சு நல்ல வேலையும் செய்யிற ஆள் என்னத்துக்கு அண்ணா திரும்பப் படிக்குது? ஆர் இந்த வயசில உதுக்குப் போறவை? உண்மையா வகுப்புத்தானோ, வேற ஏதுமோ?" என்று கேட்டாய். நாற்பத்தொரு வருட நிருபர் வேலையில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு வேலை தந்ததில்லை. அதே அழைப்பில், சனிக்கிழமை நாள் முழுக்கப் பெற்றிசியாவும் தொலைபேசி எடுப்பதில்லை, அன்றுதான் தோஹா ஆஸ்பத்திரியில் தனக்கு வேலை கூட என்று சொல்கிறாள் என்றும் சொல்லி வருத்தப்பட்டாய். அது இந்த விசாரணையோடு தொடர்புபடாதபடியால் நான் குறித்து வைக்கவில்லை. இப்போது ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

காலம் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். பெற்றிசியாவுக்கு முப்பத்திரண்டு. அவளுடைய லீவு மாசி (பெப்ரவரி) 10 முதல் பங்குனி (மார்ச்) 3 வரை. கலியாணம் மாசி 20, திங்கட்கிழமை. விபூதிப் புதன் 22ஆம் திகதி, அதோடு தவக்காலம் தொடங்கிவிடும், கோயிலில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் பிள்ளைக்கு அடுத்த லீவு அடுத்த வருடம்தான். ஆகவே தை (ஜனவரி) 29, மாசி 5, மாசி 12 ஆகிய மூன்று ஞாயிறும் பூசையில் ஓலை வாசித்தே ஆகவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கவும் என்று மூன்று தரம் கேட்ட பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் சபை சம்மதித்ததாகக் கருதப்படும். பொடியன் சொன்ன மூன்று ஞாயிறும் இதுதான் என்பதைக் கவனிக்கவும்.

வங்காலை வாத்தியாரின் விஷயத்தை நீ இன்னும் மறக்கவில்லை என்று எடித் சொல்கிறா. பெற்றிசியாவுக்கு முன்பு வந்த அந்தச் சம்பந்தத்தை விசாரித்து, ஆளுக்கு எதிர்காலம் இல்லை என்று அறிக்கை தந்தவன் நான்தான். இன்று அவர் அதிபர், மூன்று பிள்ளைகள். அன்றைய திகதியில் எனக்குக் கிடைத்த தகவல் சரியானது. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல. இருந்தாலும் இம்முறை ஒரு மூலத்தோடு நிற்பதில்லை, இரண்டு மூலம் உறுதிப்படுத்தினால் மட்டுமே எழுதுவது என்று தீர்மானித்தேன்.

வகுப்பு நடக்கும் இடம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள இரும்புக் கடையின் மாடி. கொழும்பு நிறுவனம் ஒன்றின் கிளை. பெயரை எழுதவில்லை, அவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. மார்கழி 3ஆம் திகதி, நிறைவேற்றுத் தரப் படிப்புக்கு வருகிறவர்கள் யார் என்று கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஏறினேன். இணைப்பாளர் பூமணி என்பவர், வேலைக்கு வைத்தால் ஒரு மாவட்டத்தை நடத்தக்கூடிய பெண்மணி, பார்வையாளருக்கு இடம் இல்லை, மாணவருக்கு இடம் இருக்கிறது என்றார். ஒரு வகுப்பு நடத்தப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம். இடையில் ஒருவர் நின்றுவிட்டதால் அவர்களிடம் பதினொருவர்.

"பட்டம் வேணும் ஐயா. இல்லாட்டி பத்து வருச முகாமைத்துவ அனுபவம்."

"நாப்பத்தொரு வருசம் இருக்கு."

"எத்தினை பேரை முகாமை செய்திருக்கிறியள்?"

"ஆறு ஆசிரியர்களை."

அவர் சிரிக்காமல் ஆறு என்று எழுதி, எனக்கு ஒரு கோப்பும் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையும் தந்தார்.

உன் கேள்விக்குப் பதில் இதோ. நேரில் வருபவர் என்னோடு பதினொருவர். மூன்று பேர் தொண்டு நிறுவனக்காரர். யுத்தத்துக்குப் பின் வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டுகின்றன. இவர்கள் அந்தப் பெட்டி கட்டும் திட்டத்துக்கு இணைப்பாளர்கள், அதுவும் முடிந்தால் என்ன செய்வது என்று யோசித்து வந்தவர்கள். இரண்டு வைத்தியர்கள், ஒருவர் நித்திரை கொள்ளும்போது மற்றவர் குறிப்பெடுப்பார், தேநீருக்குப் பிறகு மாறிக்கொள்வார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து ஒருவர், பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதால் வந்ததாக முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னவர். அடுத்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் பரமநாதன். இருபத்துநான்கு வருடமாகக் குளத்துத் தண்ணீரை வயல்காரர் சண்டையில்லாமல் பங்கிட்டவர். போன வருடம் அவருக்கு மேலே ஒரு இளைஞர் வந்து உட்கார்ந்தார், எம்.பி.ஏ.யோடு. விரிவுரையாளர் எதைக் கேட்டாலும் பரமநாதன் குளம், துருசு என்கிற மதகு, வாய்க்கால் என்றுதான் படம் போடுவார், அநேகமாக அது சரியாகவே இருக்கும். பாடம் நடக்கும்போதே வயலிலிருந்து அழைப்பு வரும். "துருசை அரைவாசி திற, முழுக்கத் திறந்தா நடராசா வரம்பில வந்து படுப்பார்," என்று மேசைக்குக் கீழே குனிந்து சொல்வார்.

சிஸ்ரர் மதலேனா கன்னியர் மடப் பாடசாலை அதிபர். தொள்ளாயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் நிறுத்துபவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்தனான். மாகாணத் தலைவி போகச் சொன்னா, வந்தனான்," என்றார். றஹீமா வங்கிக் கிளை முகாமையாளர். வீட்டில் கணவரும் நான்கு ஆண்பிள்ளைகளும். "சேர், கிழமையில ஆறு நாள் எல்லாரும் என்னட்டக் கேள்வி கேக்கினம். சனிக்கிழமை ஒரு நாள் வேற ஆள் கேள்வி கேக்க, நான் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு இருக்கலாம். அந்தச் சுகத்துக்கு வாறன்," என்றார். ஆகவே தங்கச்சி, இப்படிப்பட்ட படிப்புக்கு வருகிறவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். வேலை நன்றாகத் தெரியும், தெரியும் என்று சொல்ல ஒரு கடதாசி வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள். இது உறுதி.

பதினோராவது ஆள்தான் வலன்ரைன். பன்னிரண்டாவது ஆள் முத்து. அந்தப் பெண் வெளிநாட்டில் எங்கோ இருந்து திரையில் வருகிறா. முகம் காட்டுவதில்லை, ஒரு சிப்பியின் படம் மட்டும் தெரியும். எந்த நாடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து மைக் பழுது, எழுத்தில்தான் பதில் சொல்வா என்று பூமணி அறிவித்தார். ஏழு கிழமையாகத் திருத்தப்படாத மைக் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

வலன்ரைனுக்கு நான் யார் என்று தெரியாது. சம்பந்தம் முழுக்க வத்தளையில் தரகர் மூலம் நடந்தது, நானும் எச்சரிக்கையாக இருந்தேன். முதல் நாள் "வாங்கோ மாமா" என்று எழும்பி, பிறகு இருமி, "வாங்கோ அங்கிள், இருங்கோ" என்றார். அரிப்புப் பக்கத்து மரியாதை. எடித் ஒவ்வொரு சனியும் எனக்குக் கட்டும் சாப்பாட்டோடு இன்னொரு பார்சலும் கட்டி, "அந்த ஐஸ் தொழிற்சாலைப் பிள்ளைக்குக் குடுங்கோ, தனிய இருக்கிறவர்," என்றா. விசாரணைக்கு இது நல்ல மறைப்பு என்று நானும் ஒத்துக்கொண்டேன். எடித் வேறு ஏதோ சொல்ல வந்தா. நேரமாகிவிட்டது என்று வெளிக்கிட்டுவிட்டேன்.

விரிவுரையாளர் சிவசுப்பிரமணியம், முப்பத்தொரு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வருபவர். ஒருநாள், மின்தூக்கியில் உங்கள் மேலதிகாரியைச் சந்திக்கிறீர்கள், கதவு திறப்பதற்குள் உங்கள் யோசனையைச் சொல்லி முடிக்க வேண்டும் என்றார்.

"தம்பி, மன்னாரில மின்தூக்கி எங்க கிடக்கு?" என்று பரமநாதன் கேட்டார்.

அவர் யோசித்து, சரி, தள்ளாடிச் சந்தியில் பஸ் ஏறுகிறீர்கள், பாலம் தாண்டுவதற்குள் சொல்லுங்கள் என்று மாற்றினார். றஹீமா பாலத்தின் நடுவிலேயே முடித்தார். சிஸ்ரர் பஸ்ஸில் ஏறும்போதே முடித்தார். நான் பின்னணியை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனது பேச்சு முடியும்போது பஸ் பேசாலை தாண்டித் தீவின் மறுமுனையில் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்துவிட்டதாக விரிவுரையாளர் கணக்கிட்டார். வலன்ரைன் மட்டும் சிரிக்காமல், "அங்கிள் சொன்னதில ஒரு திகதியும் பிழையில்லை," என்றார். நடுநிலைக்காக இதைப் பதிவு செய்கிறேன்.

களவேலை தை 14ஆம் திகதி, பொங்கலுக்கு முதல் நாள், எங்கள் கீரிக் கரையில். பிடித்த மீன் ஐஸுக்குள் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய வேண்டும். பூமணியிடம் சொல்லி வலன்ரைனின் குழுவில் சேர்ந்துகொண்டேன். சிஸ்ரர், றஹீமா, பரமநாதன், நான், அவர். படகு முதலாளி சந்தியோகு சம்மாட்டியின் வள்ளத்துப் பக்கத்தில் நான்கு நிறத்தில் ஒட்டுத்தாள்களை வரிசையாக ஒட்டினார்கள்: தொழிலின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். சம்மாட்டி பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"தம்பி வலன்ரைன், நாங்கள் மீனை ஐசில போடுறம். நீங்கள் அதைக் கடதாசியில போடுறியள். கடதாசியை எதில போடப்போறியள்?"

அதற்குள் பனைகளுக்குப் பின்னாலிருந்து நான்கு கழுதைகள் வந்தன. மன்னார்க் கழுதைக்குக் கடதாசி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போனதும் அப்படித்தான். பரமநாதன் வாய்க்கால் மறிப்பது போலக் கையை விரித்து நின்றார், அவை அவரைச் சுற்றிக்கொண்டு போயின. சிஸ்ரர், "வெளியில போ," என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அந்தத் தொனியில் வலை தைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து நின்றார்கள், கழுதைகள் மட்டும் கேட்கவில்லை. நான் ஆதாரத்தைக் காப்பாற்றப் பாய்ந்து வலைக்குள் கால் சிக்கி விழுந்தேன்.

"இதுக்குள்ள ஆர் பெரிய ஆள்?" என்று சம்மாட்டி கேட்டார். "எழுதினவரோ, ஒட்டினவவோ, திண்டவரோ?"

பலவீனங்களையும் அச்சுறுத்தல்களையும் கழுதைகள் முற்றாகத் தின்றுவிட்டன. பலங்களும் வாய்ப்புகளும் மிஞ்சின. மிஞ்சியதை வைத்து எழுதிய அறிக்கைக்குத்தான் வகுப்பில் கூடிய புள்ளி.

அன்றைக்கு இன்னொன்றும் கண்டேன். தினமும் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம் மின்வெட்டு என்பதால் ஐஸ் குறைவு. வலன்ரைன் முன்கூட்டியே கட்டிகளை உறைய வைத்து, உமி மூடி, சிறிய வள்ளக்காரர்களுக்குத் தானே உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார். யாரும் கேட்கவில்லை, எங்கள் ஆய்விலும் அது இல்லை. இதையும் நடுநிலைக்காகப் பதிவு செய்கிறேன். பிறகு என்னை வலையிலிருந்து கழற்றினார். கழற்றிவிட்டு, கழுதையைப் படம் எடுத்து முத்துவுக்கு அனுப்பினார். பதிலாக ஒரு குரல் பதிவு வந்தது. பெண் சிரிப்பு, மூன்று விநாடி. மைக் பழுதான பெண்ணின் சிரிப்பு. எங்கேயோ கேட்ட சிரிப்புப் போல இருந்தது, உறுதிப்படுத்த முடியாததால் விட்டுவிட்டேன்.

கடந்த சனிக்கிழமை மூலங்களை அணுகினேன். முதலில் சிஸ்ரர்.

"சிஸ்ரர், வலன்ரைனுக்கும் அந்த முத்துவுக்கும் ஏதும் கதை இருக்கோ?"

"நான் பொய் சொல்லமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா."

"அதாலதான் உங்களிட்டக் கேக்கிறன்."

அவர் செபமாலையை ஒரு மணி தள்ளினார். "ஓம். இருக்கு."

"கலியாணம் வரைக்கும் போகுமோ?"

"போகவேணும் எண்டுதான் செபிக்கிறன்."

ஒரு கன்னியாஸ்திரி இதற்குச் செபிக்கிறார் என்பது எனக்கு அதிர்ச்சி. குறிப்புப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டேன். அடுத்து றஹீமா. வாடிக்கையாளர் விஷயம் வெளியில் சொல்வதில்லை என்றுதான் தொடங்கினார். வற்புறுத்தினேன்.

"அந்த ரெண்டு பேரும் விருப்பம்தான் சேர். வகுப்புக்கே தெரியும். நீங்கள் பதினொரு பேரிட்டயும் கேளுங்கோ, ஒரே ஆள் சொன்ன மாதிரித்தான் சொல்லுவம்."

இவ்வளவு ஒற்றுமையான தகவலை என் தொழிலில் நான் கண்டதில்லை. பரமநாதனிடம் கேட்டபோது, "துருசு திறந்தாச்சு. இனித் தண்ணியை மறிச்சு என்ன, விடுங்கோ," என்றார். அதை மூன்றாவது உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் கரண்ட் போனதும் வலன்ரைன் தொலைபேசியோடு பின் விறாந்தைக்குப் போனார். நான் கதிரை அறைக்குள் நின்றேன். அங்கே கேட்டதுதான் இந்தக் கடிதத்தின் முதல் செய்தி. கேட்டு முடித்துத் திரும்பும்போது ஒன்பது கதிரைகள் என்மேல் விழுந்தன. பூமணி ரோச் லைற்றோடு வந்து, "ஐயா, இது எந்தப் பாடத்துக்கு?" என்று கேட்டார். கட்டுரைக்கு என்றேன்.

இதற்குப் பிறகு தாமதிக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று ஞாயிறு முதற்பூசை முடிந்ததும், மாப்பிள்ளையின் ஓலையை வாசிக்கவிருக்கும் பங்குத் தந்தையைச் சந்தித்து, தை 29இல் ஓலை வாசிக்க வேண்டாம், தடை இருக்கிறது என்றேன். அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

"நிச்சயமா தெரியுமோ?"

"மூண்டு மூலம், சுவாமி. நாலாவது என்ரை காது."

"அப்ப எழுத்தில தாங்கோ. ஒண்டு சொல்லுறன், ஒரு ஞாயிறு தப்பினாலும் இந்தக் கலியாணம் தவக்காலத்துக்கு முதல் நடவாது."

எழுத்தில் கொடுத்தேன். ஒரு பக்கம், திகதி, கையொப்பம். ஆகவே தங்கச்சி, நீ கவலைப்படாதே. மச்சானும் கவலைப்பட வேண்டாம். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் இன்றே சொல்லிவிடு. தரகரிடம் இனிப் பேச வேண்டாம், அந்த ஆளை யார் அனுப்பினார்கள் என்பதையும் நான் விசாரிப்பேன். பெற்றிசியாவுக்கு நானே எழுதுகிறேன், பிள்ளை தாங்குவாள், எங்கள் குடும்பத்துப் பிள்ளை. இதைவிட நல்ல இடம் வரும். ஐஸ் கொண்டுவந்து இறக்கியது நல்ல காரியம்தான், அது வேறு விஷயம்.

மருதமடு மாதா உங்கள் வீட்டு வாசலையும் மச்சானின் உடம்பையும் காத்தருள வேண்டும் என்று மன்றாடி முடிக்கிறேன். எடித்தும் அன்பு சொல்லச் சொன்னா. இன்னும் ஏதோ சொல்லச் சொன்னா, பக்கம் முடிந்துவிட்டது.

உன் அன்பு அண்ணன்,
சூ. அமிர்தநாயகம்

பிற்குறிப்பு. திங்கள், மாலை 6.40. இந்தப் பிற்குறிப்பை முதலில் வாசித்துவிட்டு மேலே போகவும். மண்டபத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

காலையில் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். தொலைபேசியில் உன் பெயருக்கு மேலே வகுப்புக் குழுவின் பெயர் இருந்திருக்கிறது. ஒன்பது பக்கங்களும் அங்கே போய்விட்டன, வரிசை பிழையாமல். நான்கு நிமிடத்தில் முதல் பதில், பரமநாதன்: "நல்ல அறிக்கை. துருசு மட்டும் பிழையான பக்கம் திறந்திட்டியள்." சிஸ்ரர்: "நான் பொய் சொல்லவில்லை என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்." அடுத்து முத்துவின் குரல் பதிவு. மைக் சரிவந்துவிட்டது. அதைச் சொல்லுக்குச் சொல் தருகிறேன்.

"மாமா, நான் பெற்றிசியா. முத்து நான்தான். மைக் பழுதில்லை, குரலைக் கேட்டா நீங்கள் பிடிச்சிடுவியள் எண்டு நிப்பாட்டினனான். ரெண்டு வருசமா நான் இந்த வகுப்பிலதான். சனிக்கிழமை அம்மாட்ட வேலை எண்டு சொன்னது பிழைதான். தான் பாக்காத மாப்பிள்ளைக்கு அம்மா ஓம் எண்டு சொல்லமாட்டா. அதால தரகரை விட்டு, அம்மாவே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரிச் செய்தனாங்கள். வாங்கிறவர் தானே தெரிஞ்செடுத்ததா நினைக்கவேணும் எண்டு இரண்டாந் தவணையில படிப்பிச்சவை. நீங்கள் ஆர் எண்டு வகுப்பில எல்லாருக்கும் தெரியும் மாமா, மன்னாரில ஆருக்குத் தெரியாது. மாமா, ஓலையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. எனக்கு வேற லீவு இல்லை. பிறகு... கிழவன் எண்டு அவர் சொன்னது அப்பாவை இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

பதிவு முடிந்ததும் வலன்ரைன் வீட்டுக்கே வந்தார். "நீங்கள் எழுதினதில கழுதைப் பகுதி நல்லாயிருந்தது, மாமா," என்றார். இம்முறை இருமவில்லை. பிள்ளை அழுததா என்று கேட்டேன். ஓம் என்றார். வங்காலை வாத்தியாருக்கு நடந்ததை என்னிடம் அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

உடனே பங்குத் தந்தைக்கு அழைத்தேன். அவர் மடுவில் தியானத்தில் இருக்கிறார், வெள்ளி மாலை நான்கு மணிக்குத் திரும்புகிறார். "எழுத்தில தந்ததை எழுத்திலதான் திருப்பி எடுக்கவேணும். ரெண்டு பேர் உறுதிப்படுத்தினாத்தான் நீங்கள் நம்புவியள்தானே. நானும் அப்பிடித்தான். ரெண்டு சாட்சிக் கையெழுத்து, ஒண்டு உங்கட வீட்டுக்குள்ள இருந்து," என்றார். தரகரை யார் அனுப்பினார்கள் என்பதும் இப்போது உறுதியாகியிருக்கிறது. எடித்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"போன ஆவணி மடுத் திருநாளில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மன்னார் முழுக்கக் கேட்டியள். என்னட்டக் கேக்கேல்லையே."

வாபஸ் கடிதத்தில் சிஸ்ரர் மதலேனா முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டுவிட்டார். எடித் இன்னும் போடவில்லை. முதல் பிரதியை நீளம் கூட என்று திருப்பித் தந்தா. இரண்டாவது பிரதியில், பிழை என்னுடையது என்ற வசனம் கடைசியில் கிடக்கிறது, அது முதல் வரியில் வரவேணும் என்று திருப்பித் தந்தா. இவ எனது ஏழாவது ஆசிரியர். மூன்றாவது பிரதி இப்போது அவவின் கையில் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறா. முடிவு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் எதிர்பார்க்கப்படுகிறது. கையெழுத்துக் கிடைத்தால் முதல் ஓலை தை 29, ஞாயிறு, காலை 6.30 பூசையில்.